ஏரும் தூரிகையும்: சாந்திநிகேதனத்துச் சிற்றூர்க் கலைக்கூட்டு

1928ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வங்க நாட்டு வீர்பூம் மாவட்டத்திலுள்ள சுருல் என்னும் சிற்றூரின் அருகே ஒரு விழா நடைபெற்றது. மன்னர்க்கு எடுத்த விழா அன்று. ஏருக்கு எடுத்த விழா. நிலத்திலே கோலம் தீட்டப்பெற்றிருந்தது. எருதுகள் அணிசெய்யப்பெற்று நின்றன. பழம் மந்திரங்கள் ஒலித்தன, பாடல்கள் முழங்கின. அறுபத்தேழு அகவை நிரம்பிய பெருங்கவிஞர் இரவீந்திரநாத தாகூர் தம் கையால் மேழி பிடித்து முதற்சால் ஓட்டினார். அதற்கு முந்தின நாள், அவ்விடத்திற்கு இரண்டு கல் தொலைவிலுள்ள சாந்திநிகேதனத்தில் மரம் நடுவிழா நிகழ்ந்தது. மரக்கன்றைப் பல்லக்கில் ஏற்றி, ஆடியும் பாடியும் ஊர்வலமாகக் கொண்டு சென்றனர்.

பாட்டு, ஆடல், ஓவியம், உழவு ஆகிய நான்கும் அவ்விரு நாட்களிலும் ஒரே களத்தில் கைகோத்தன. இக்கூட்டு எவ்வாறு உருவாயிற்று, எதனைச் சாதித்தது, எங்கே தடைப்பட்டு நின்றது என்பன ஆசிரியப் பெருமக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாம்.

செம்மண் மேட்டிலே

கவிஞரின் தந்தையார் தேவேந்திரநாதர் 1863இல் தியானத்திற்கென ஓர் ஆசிரமம் நிறுவிய இடமே சாந்திநிகேதனம். மழைநீர் அரித்துப் பள்ளம் பறித்த செம்மண் மேட்டு நிலம் அது. அங்கே 1901இல், ஐந்து மாணவர்களோடு தாகூர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1919இல் கலாபவனம் என்னும் கலைக்கூடம் தோன்றியது. 1921இல் விசுவபாரதி முறையாகத் தொடக்கம் பெற்றது. மறு ஆண்டு பிப்ரவரியில், சிற்றூர்ச் சீரமைப்புக்காகச் சுருலில் ஒரு நிலையம் எழுந்தது. ஸ்ரீநிகேதனம் என்று பின்னர்ப் பெயர்பெற்ற அந்நிலையத்தை முதலில் நடத்தியவர் லெனார்டு எல்ம்கர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய வேளாண் அறிஞர்.

சுற்றியிருந்த ஊர்களின் நிலை இரங்கத்தக்கது. மலேரியாக் காய்ச்சல் மக்களை வாட்டிற்று. கடன் சுமை அழுத்திற்று. நிலமோ வளம் குன்றிக் கிடந்தது. காளிமோகன் கோஷ் என்னும் தொண்டர் ஊர் ஊராகச் சென்று உழைத்தார். அவருடைய மைந்தர் சாந்திதேவ் கோஷ் தாகூரின் பாடல்களையும் ஆடலையும் பயின்று புகழ்பெற்ற இசையாசிரியரானார். தந்தை காய்ச்சலோடு போராட, மைந்தர் பாட்டோடு வளர்ந்தார். ஒரே குடும்பத்திலே ஊர்ப்பணியும் கலைப்பணியும் இவ்வாறு கலந்தமை அவ்விடத்தின் இயல்பைக் காட்டும்.

மக்கள் வறுமையில் வாடும்போது கலை எதற்கு என்று கேட்டவர் அன்றும் உண்டு. ஊரார்க்கு உணவும் மருந்தும் போலவே மகிழ்ச்சியும் தேவை என்பதே தாகூரின் விடை. பாட்டும் கூத்தும் மறைந்த ஊர், தன்மேல் தான் கொண்ட நம்பிக்கையையும் இழந்துவிடும் என அவர் கருதினார். ஆதலால் ஏர்விழாவை அவர் வேடிக்கையாக எண்ணவில்லை. உழவுக்கு மதிப்பை மீட்டுத் தரும் வழியாகவே எண்ணினார்.

ஒருவர் தொழிலை மற்றவர் அறிதல்

கலாபவனத்திற்கு வழிகாட்டியாக அமைந்தவர் நந்தலால் போஸ். ஓவியர் என்பவர் படம் மட்டும் எழுதி அமைதல் போதாது என்பது அவர் கொள்கை. மேடை, உடை, சுவர், நூல், துணி, தரை ஆகிய அனைத்தும் அவருக்கு ஓவியக் களங்களே. நம் வீட்டுக் கோலத்தைப் போன்றதே வங்கத்து ஆல்பனா. ஊர்ப் பெண்டிர் நோன்பு நாட்களில் இடும் அக்கோலக் கலையில் தேர்ந்த சுகுமாரி தேவி என்னும் கைம்பெண்ணார், கலாபவனத்திலே அதனைக் கற்பித்தார். வீட்டு வாயிலிலே பிறந்த கலை கல்விக்கூடத்திலே பாடமாயிற்று; அங்கிருந்து நாடக மேடைக்கும் விழாக் களத்திற்கும் சென்றது.

அக்காலத்து நகர நாடக மேடைகளில் மலையும் மாளிகையும் தீட்டிய திரைகள் தொங்கும். சாந்திநிகேதனத்து மேடையிலோ ஒரு வண்ணத் துணியும் சில மலர்களும் ஒரு கோலமும் போதுமாயின. கவிஞர் பாட்டு இயற்றுவார். உறவினரான தினேந்திரநாதர் அதனை மனத்தில் ஏற்றுக் குறியீட்டில் எழுதிப் பிறர்க்குப் பயிற்றுவார். மருமகள் பிரதிமா தேவியார் ஆடலை ஒழுங்கு செய்வார். நந்தலாலும் மாணவரும் உடையும் அணியும் அமைப்பர். சிறிய ஊர், பொருளோ குறைவு. தொழிலுக்கு ஒருவராக நகரத்திலிருந்து வரவழைக்க வழியில்லை. எனவே, ஒருவர் தொழிலை மற்றவர் அறிய வேண்டியதாயிற்று. வறுமை விதித்த இக்கட்டாயமே கலைகளின் உறவுக்குக் காரணமாயிற்று எனலாம்.

இவ்வுறவிலே துணிவும் தேவைப்பட்டது. நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறி ஆடுதல் இழிவு எனக் கருதிய காலம் அது. 1927 ஜனவரியில் கல்கத்தாவில் ‘நடீர் பூஜா’ நாடகம் அரங்கேறியபோது, நந்தலாலின் மகள் கௌரி ஆடல்மகளாக நடித்தார். ஓவியரின் மகள் ஆட, கவிஞர் தாமே துறவி வேடம் பூண்டு உடன் நின்றார். பழி வருமாயின் அது தம்மையும் சேரட்டும் என்று சொல்லாமற் சொன்ன செயலாக இதனைக் கொள்ளலாம். பின்னர் வந்த ‘சித்ராங்கதா’ (1936), ‘சண்டாலிகா’ (1938), ‘சியாமா’ (1939) ஆகிய நாட்டிய நாடகங்களுக்கு இவ்வாறே வழி திறந்தது.

மலாயா வழியே சென்ற பயணம்

அதே 1927ஆம் ஆண்டு ஜூலையில் தாகூர் சிங்கப்பூர் வந்து, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு முதலிய நகரங்களிலே உரையாற்றினார். விசுவபாரதிக்குப் பொருள் திரட்டுவதும் அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. மொழியறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜியோடு, சுரேந்திரநாத கர், தீரேந்திரகிருஷ்ண தேவவர்மன் என்னும் ஓவியர் இருவரும் உடன் வந்தனர். யாவா, பாலித் தீவுகளில் இவர்கள் கண்ட ஆடலும், ‘வாயாங்’ நிழற்கூத்தும், பாத்திக் துணியும் வங்கத்துச் சிற்றூருக்குப் புதிய ஊட்டம் அளித்தன. பாத்திக் வேலை அங்குக் கைத்தொழிலாகவே வேரூன்றியது.

மண்ணே கருவி

ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டே கலை செய்தல் இக்கூட்டத்தாரின் மற்றொரு நெறி. 1935இல் தாகூருக்கெனச் ‘சியாமளி’ என்னும் மண்வீடு எழுந்தது. சுரேந்திரநாத கர் வீட்டை வகுத்தார். சுவர்களில் மண் புடைப்புச் சிற்பங்கள் அமைந்தன. கூரையும் மண்ணாலேயே ஆனது. ஓலைக்கூரை எரிந்து உடைமை இழக்கும் ஏழை உழவனுக்கு இஃது ஒரு வழிகாட்டியாகும் என்பது கவிஞரின் எண்ணம். மாணவர் தங்கிய ‘கரிய வீடு’ மண்ணால் எழும்பிக் கீல் பூசப்பெற்றது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து அதன் சுவர்களிலே சிற்பம் வடித்தனர். எளிய நாவிதர் குடும்பத்தில் பிறந்த ராம்கிங்கர் பெய்ஜ், 1938இல் சரளைக்கல்லும் சிமெண்டும் கலந்து, பிழைப்புத் தேடி நடக்கும் சந்தால் குடும்பத்தைத் திறந்த வெளியிலே பேருருவாக நிறுத்தினார். அரசர்க்கும் தலைவர்க்கும் சிலை எடுத்த நாட்டிலே கூலிமக்களுக்கு எழுந்த சிலை அது.

அதே ஆண்டில், குஜராத்தைச் சேர்ந்த ஹரிபுரா என்னும் சிற்றூரில் காங்கிரஸ் மாநாடு கூடியது. காந்தியடிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி, உழவர், குயவர், தச்சர், இசைவாணர் முதலியோரின் உருவங்களை நந்தலால் மண்வண்ணங்களால் தீட்டினார். மாணவர் எடுத்த படிகளோடு சேர்ந்து நானூறு அளவான ஓவியங்கள் மாநாட்டுப் பந்தல்களை அணிசெய்தன.

எட்டாத எல்லை

இவ்வளவும் கூறியபின், குறையையும் கூறுதல் வரலாற்று நேர்மையாகும். ஸ்ரீநிகேதனத்துக் கைவினைப் பொருள்களை விரும்பி வாங்கியவர் பெரும்பாலும் நகரத்தாரே. வடிவம் வகுத்தவர் கலாபவனத்தார். ஊரார் அவ்வடிவத்தைச் செய்து கொடுத்தனர். சந்தால் மக்கள் ஓவியத்திலும் சிற்பத்திலும் இடம்பெற்ற அளவிற்கு, ஓவியராகவும் சிற்பியராகவும் இடம்பெறவில்லை. ஓரிரு சிற்றூர்களையேனும் அறியாமையினின்றும் வலிமையின்மையினின்றும் விடுவித்தால் அது போதும் என்று கூறிய தாகூர், வேலையின் அளவை நன்கு அறிந்தேயிருந்தார்.

எனினும் அவ்வித்து வேறிடங்களில் முளைத்தது. ஊர்ப்பிள்ளைகளுக்காக 1924இல் தொடங்கிய ‘சிட்சா சத்திரம்’ கைத்தொழிலையும் கலையையும் கல்வியின் நடுவிலே வைத்தது. சாந்திநிகேதனத்தில் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம் அவர்களும் துணைவியார் ஆஷாதேவியும் பின்னர்ச் சேவாகிராமம் சென்று, காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்குத் தூணாக நின்றனர்.

இந்தி பவனத்துச் சுவரில், 1946-47இல், பிறவியிலேயே பார்வை குன்றிய வினோத் பிகாரி முகர்ஜி இடைக்காலத்து அருளாளர்களை வரிசையாகத் தீட்டினார். இராமாநுசரும் கபீரும் அதிலே இடம்பெற்றனர். அப்பணியில் உதவிய மாணவருள் ஒருவர், கேரளத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன். ஓவியம், பொம்மை, நெசவு, சிறுவர் நூல் எனப் பல துறைகளில் அவர் பின்னர்ச் சிறந்தார். ஆசிரியரோடு ஒரே சுவரின்முன் நின்று கற்ற கல்வி அஃது.

2023இல் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கட்டடங்கள் காக்கப்பெறுதல் நன்றே. ஆனால், அவ்விடத்தின் உண்மையான செல்வம் பாட்டு வகுப்புக்கும் ஓவிய வகுப்புக்கும் தோட்ட வேலைக்கும் இடையே சுவர் எழுப்பாமையே ஆகும். சிறிய பள்ளி, குறைந்த பொருள், சில ஆசிரியர் என்னும் நிலையைக் குறையாக மட்டுமே எண்ணுவோர், ஐந்து மாணவரோடு தொடங்கிய அச்செம்மண் மேட்டை நினைவிற் கொள்வாராக.