எழுதாத மூன்றாம் படி

1896 ஆகஸ்ட் 29. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவன் வேங்கடராமனுக்கு, பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை படியெடுக்க வேண்டும் என்பது தண்டனை. இரண்டு படி முடித்தான். மூன்றாவதை எழுதாமல், தமிழில் ஒரு சிறு கடிதம் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். திருச்சுழியில் பிறந்த அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ரமண மகரிஷி. இதை ஆன்மிகத் திருப்பமாகச் சொல்வது வழக்கம், சொல்லட்டும். கல்வி வரலாற்றைப் பார்க்கிறவருக்கு அந்த இரண்டு படிகளே முக்கியம். ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஒருவரின் இலக்கண நூல், வைகைக் கரைக்கு வந்ததும் கைவலிக்க எழுதும் வேலையாகச் சுருங்கிவிட்டது.

இதை ஆசிரியரின் கொடுமை என்று தள்ளிவிட முடியாது. வேங்கடராமனின் தந்தை சுந்தரம் ஐயர் திருச்சுழியில் வக்கீல் தொழில் பார்த்தவர். அருப்புக்கோட்டை, திருச்சுழி, மல்லாங்கிணறு என்று நீளும் இந்த வானம் பார்த்த பூமியில், ஆங்கிலம் படித்தவனுக்குக் காத்திருந்தது கோர்ட்டும் கச்சேரியும்தான். அங்கே மனுவும் நகலும் பிழையின்றி எழுதத் தெரிந்தால் போதும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கிய பிறகு, அதன் மெட்ரிகுலேஷன் தேர்வும் பேனாவையே சோதித்தது. வேலை எழுத்தைக் கேட்டது, தேர்வும் எழுத்தைக் கேட்டது. வகுப்பறையில் வாய்க்கு என்ன வேலை?

நம் மண்ணில் வாய்ப்பாடமே மரபு, திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை பாடம் சொல்லித்தரவில்லையா என்று கேட்கலாம். உண்மைதான். 1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் இல்லப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பார்த்து, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்கே போனது. ஆனால் சட்டாம்பிள்ளை சொன்னதை மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள், எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ஒப்பிப்பது வேறு, படித்ததைத் தன் சொல்லில் எடுத்துவைத்து வாதாடுவது வேறு.

ஒப்பிப்பதைத் தாண்டி ஆங்கிலம் கற்பிக்க வழி தேடியவர் என்.எஸ்.பிரபு. பெங்களூரில் 1979இல் தொடங்கி ஐந்தாண்டு நடந்த அவருடைய திட்டம் சென்னை, கடலூர்ப் பள்ளிகளையும் தொட்டது. இலக்கண வரிசையை ஒதுக்கிவிட்டு, ரயில் நேர அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப்போடச் சொன்னார். மொழி வேலையோடு வந்தது. ஆனால் மாணவர் தமக்குள் பேசும் குழுவேலையை அவர் ஊக்குவிக்கவில்லை. பிழை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்று அஞ்சினார். வகுப்பில் மாணவரைக் கலந்துரையாட வைப்பதற்கு எதிராக எழும் மறுப்புகளில் வலுவானது இதுவே. தொடக்கநிலைப் பிள்ளைக்கு அது பொருந்தும். பத்தாண்டு ஆங்கிலம் படித்து, காலங்களின் அட்டவணை மனப்பாடமாகி, வாய் மட்டும் திறக்காத மாணவனுக்குப் பொருந்தாது. அவனிடம் சரக்கு உண்டு, புழக்கம் இல்லை. முதலில் ஒரு கட்டுரையை ஊன்றிப் படிக்கவைத்தால் சரியான தொடர்கள் கைக்கு வரும். பேசி முடித்தபின் ஆசிரியர் திருத்தினால் பிழை நிற்காது. வாசிப்பு இல்லாத விவாதம்தான் பிரபு அஞ்சிய ஆபத்து.

முதலில் வாசிப்பு, பிறகு பேச்சு என்ற இதே வரிசையை அரசே கொண்டுவந்ததும் உண்டு. மல்லாங்கிணற்றைச் சேர்ந்த தங்கம் தென்னரசு பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்த 2006–2011 காலத்தில், நடுநிலை வகுப்புகளுக்குப் ‘படைப்பாற்றல் கல்வி’ வந்தது. பாடத்தைப் படி, மனவரைபடம் போடு, தொகு, எழுந்து நின்று வழங்கு. நல்ல வரிசை. ஆனால் மேல்வகுப்புக்குப் போனதும் பிள்ளை மறுபடி பேனாவிடம் திரும்பியாக வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், நூறும் எழுத்துக்கே.