'சுப்ரமணியபுரம்' கனகு: அண்ணன் பதவிக்காகக் கொலை செய்ய வைத்தவர் வீழ்ந்தது எப்படி?

சசிகுமார் இயக்கி 2008-ல் வெளியான 'சுப்ரமணியபுரம்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அழகர், துளசி காதல்தான். ஆனா, 1980-ம் ஆண்டு மதுரையில் நடக்கும் அந்தக் கதையை நகர்த்துவது கனகு என்ற ஒரே ஆள். (குறிப்பு: படத்தின் முடிவு இதில் சொல்லப்பட்டுள்ளது.)

யார் இந்த கனகு?

முன்னாள் கவுன்சிலர் சோமுவின் தம்பி, துளசிக்குச் சித்தப்பா. நடித்தவர் சமுத்திரக்கனி. இவருக்கென்று தனியாகப் பதவி எதுவும் கிடையாது. அண்ணன் நாற்காலியில் இருந்தால்தான் வீட்டுக்கு மரியாதை. அதைக் காப்பாற்றுவதுதான் இவர் வேலை.

நண்பர்கள் சிக்கியது எப்படி?

அழகர் (ஜெய்), பரமன் (சசிகுமார்), காசி (கஞ்சா கருப்பு) மூவரும் வேலையில்லாமல் சுற்றும் இளைஞர்கள். அடிதடியில் ஸ்டேஷனுக்குப் போனால், வெளியே எடுத்துவிடுவது சோமு குடும்பம்தான். இந்த நன்றிக்கடன்தான் கனகுவின் முதலீடு.

சோமு எதிர்பார்த்த கட்சிப் பதவி இன்னொருவருக்குப் போகிறது. வீட்டில் அவமானம். கனகு நண்பர்களைக் கூப்பிட்டு மனம் உடைந்தவராகப் பேசுகிறார். பணம் பேசவில்லை, "நம்ம வீட்டு ஆளுங்க" என்ற உரிமையைத்தான் கையில் எடுக்கிறார். பதவிக்கு வந்தவரை அவர்கள் போட்டுத்தள்ளுகிறார்கள்.

திருப்பம் எங்கே?

ஜெயிலுக்குப் போன பிறகு கனகு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஜாமீன் எடுக்க ஆள் இல்லை. கடைசியில், உள்ளே பழக்கமான ஒருவர் வெளியே எடுத்துவிடுகிறார். அதற்கு விலை, இன்னொரு கொலை!

கனகுவின் கணக்கு தப்பியது இங்கேதான். அண்ணனுக்கு அவர் காட்டிய விசுவாசத்தில் பாதியைக்கூட தன்னை நம்பியவர்களுக்குக் காட்டவில்லை. நேற்று வரை அவருக்காகக் கத்தி எடுத்தவர்கள், இன்று அவரையே தேடுகிறார்கள்.

முடிவு என்ன?

துளசியை வைத்தே அழகரை வரவழைத்து, கனகு தரப்பு கொல்கிறது. பரமன், கனகுவைக் கொன்று பழிதீர்க்கிறார். பிறகு பரமனைக் காட்டிக்கொடுப்பது கூடவே இருந்த காசி. கனகு ஆரம்பித்து வைத்த துரோகம் நண்பர்களுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

வெளிநாட்டுக் கதையிலும் இதே ஆள்

அமெரிக்கத் தொடரான 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' (2013-2018) பார்த்தவர்களுக்கு டக் ஸ்டாம்பரைத் தெரியும். தலைவர் ஃபிராங்க் அண்டர்வுட்டுக்காகக் கொலை வரை போன உதவியாளர். கடைசியில் அந்தத் தலைவரையே கொன்றதாக ஒப்புக்கொண்டு, தலைவரின் மனைவி கையாலேயே சாகிறார்.

டக் விசுவாசம் காட்டியது தலைவருக்கு, கனகு காட்டியது ரத்த உறவுக்கு. ஆனா, இருவரும் கையில் ரத்தம் படிந்தது அடுத்தவர் உட்காரும் நாற்காலிக்காக.

இன்றும் ஏன் பேசப்படுகிறது?

இந்தியில் 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' (2012) எடுத்த அனுராக் காஷ்யப், அந்தப் படத்தில் பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி சொல்லியிருந்தார்.

தேர்தல், கட்சிப் பதவி என்று வரும்போது "நம்ம பையன்" என்று தோளில் கைபோடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேஸ் விழுந்தால் அந்தக் கை அங்கேயே இருக்குமா? கனகு கதை கேட்பது அதைத்தான்.