அமிலமின்றி அளந்த கதை: அண்மை அகச்சிவப்புக் கதிரும் தானியத்தின் தரமும்

1883ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் என்னும் வேதியியலாளர் தானியத்தின் புரதத்தை அளக்க ஒரு முறையை வகுத்தார். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரசனை அம்மோனியாவாக மாற்றி வடித்து அளக்க வேண்டும். கிடைக்கும் நைட்ரசன் அளவைக் கோதுமையெனில் 5.7ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு தெரியும். முறை நம்பகமானது, ஆனால் மணிக்கணக்கில் நீள்வது. கொதிக்கும் அமிலத்தின் புகையும், வினையூக்கியாகப் பயன்பட்ட பாதரசத்தின் கழிவும் ஆய்வகத்தாரின் அன்றாடச் சுமையாயின.

இத்தாமதம் விவசாயியையும் பாதித்தது. ரொட்டி நன்கு உப்புவதற்குப் புரதம் மிகுந்த கோதுமை தேவை. ஆலைகள் அதற்குக் கூடுதல் விலை தரும். ஆனால் வண்டியிலிருந்து கொட்டப்படும் கோதுமை, சோதனை முடிவு வரும்வரை தனித்துக் காத்திருக்காது. எல்லாருடைய தானியமும் ஒரே குதிரில் கலந்துவிட்டால், நல்ல தரத்தை விளைவித்தவனுக்கு உரிய விலை கிடைப்பது அரிது.

இதற்கான விடை மிகப் பழைய ஒரு கண்டுபிடிப்பில் இருந்தது. 1800ஆம் ஆண்டில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்திலும் வெப்பம் ஏறியது. அவர் உணர்ந்த அப்பகுதியே இன்று அண்மை அகச்சிவப்பு எனப்படுகிறது. ஏறத்தாழ 780 முதல் 2,500 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் அதன் எல்லை. 1881இல் ஆப்னி, ஃபெஸ்டிங் என்னும் இருவர் கரிமத் திரவங்களின் நிறமாலையை இப்பகுதியில் படம்பிடித்தனர். எனினும் பின்வந்த வேதியியலாளர் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை.

காரணம் இருந்தது. வீணைத் தந்தியை மீட்டும்போது அடிப்படைச் சுரத்தோடு மெல்லிய மேற்சுரங்களும் ஒலிப்பது போல, மூலக்கூறுகளின் பிணைப்புகளும் அதிர்கின்றன. அண்மை அகச்சிவப்பில் பதிவாவன பெரும்பாலும் அந்த மேற்சுரங்களே. நீர், புரதம், மாவுச்சத்து, எண்ணெய் ஆகியவற்றின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது எதனுடையது எனப் பிரித்தறிய இயலாதவாறு கிடந்தன.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஒரு வேளாண் பொறியாளர். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் பணியாற்றிய கார்ல் நோரிஸ், முட்டையை உடைக்காமல் ஒளி செலுத்தி அதன் தரத்தை அறியும் முயற்சியில் தொடங்கியவர். பின்னர் விதைகளின் ஈரப்பதத்தை நோக்கித் திரும்பினார். 1962இல் அவரும் உடன் உழைத்தோரும் விதையின் ஈரத்தை மெத்தனாலில் பிரித்தெடுத்து அளந்தனர். 1968இல் பென்-கெராவுடன் இணைந்து, எதையும் பிரித்தெடுக்காமல் இறைச்சியின் கொழுப்பையும் ஈரப்பதத்தையும் நேரடியாக அளந்து காட்டினார். ஒரு பொருளின் தடத்தை மட்டும் தேடாமல், பல அலைநீளங்களின் அளவுகளைக் கணிதத்தால் இணைத்துப் பார்த்ததே அவருடைய வழி. உறிஞ்சல் மெலிந்ததாக இருப்பதால் ஒளி பொருளுக்குள் ஆழமாகச் செல்கிறது. மாதிரியைக் கரைக்கவோ நீர்க்கச் செய்யவோ வேண்டியதில்லை. குறை எனக் கருதப்பட்டதே பயனாயிற்று.

1975இல் வின்னிபெக் நகரிலுள்ள கனடா தானிய ஆணையம், ஃபில் வில்லியம்ஸின் முயற்சியால், கோதுமைப் புரதச் சோதனையில் கெல்டால் முறைக்கு மாற்றாக இக்கருவியை ஏற்றது. மணிக்கணக்கு நிமிடக்கணக்காகச் சுருங்கியது. தானியம் குதிருக்குள் போகுமுன்பே அதன் தரத்தை அறிந்து பிரித்து வைக்க முடிந்தது.

இந்தியாவிலும் இம்முறைக்குத் தனியொரு பயன் உண்டு. ஹைதராபாத் அருகே படான்செருவிலுள்ள இக்ரிசாட் வளாகத்தில், சோளம், கம்பு முதலியவற்றின் தட்டை மாட்டுத் தீவனமாக எவ்வளவு செரிக்கும் என்பதை இக்கதிரால் மதிப்பிடுகின்றனர். சிறு விவசாயிக்குத் தானியம் போலவே தட்டையும் வருமானம். செரிமானத்தில் சிறிது கூடினாலும் சந்தையில் விலை கூடும். ஆயினும் பயிர்ப் பெருக்குநர் நெடுங்காலம் மணியின் விளைச்சலையே முதன்மையாகப் பார்த்தனர். ஆயிரக்கணக்கான வகைகளின் தட்டையை வேதிமுறையில் சோதிப்பது எளிதன்று. விரைவான அளவை கிடைத்தபின் தட்டையின் தரமும் தேர்வுக்குரிய பண்பாயிற்று.

இவ்வரலாற்றில் மறக்கலாகாத ஒன்றுண்டு. இக்கருவி தானாக எதையும் அறிவதில்லை. முதலில் ஏராளமான மாதிரிகள் வேதிமுறையில் அளக்கப்பட்டு, அவ்விடைகளும் நிறமாலைகளும் இணைத்துக் கற்பிக்கப்பட வேண்டும். அந்தத் தொகுப்பில் ஒரு நிலத்தின் மண்ணும் மழையும் வகையும் இடம்பெறவில்லையெனில், அந்நிலத்து விளைச்சலைக் குறித்து அது பிழையான எண்ணையும் தயங்காமல் காட்டும். அப்பிழையின் விலையை விவசாயியே செலுத்த நேரும். ஆதலால் கதிர் வந்த பின்னரும் கெல்டாலின் குடுவை ஓய்வு பெறவில்லை. கருவியின் சொல் மெய்யா என்று பார்க்க இன்றும் வேதிமுறை அளவீட்டையே நாட வேண்டியிருக்கிறது.