பின்நவீனத்துவப் புவியியல்

பின்நவீனத்துவப் புவியியல் மானிடப் புவியியலின் ஓர் அணுகுமுறை. எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் ஒற்றை விதியை இது ஏற்பதில்லை. ஓர் இடத்தை வரையறுப்பவர் யார், அதில் எவர் வாழ்க்கை விடுபடுகிறது என்பவையே இதன் முதன்மைக் கேள்விகள்.

தோற்றம்

1950, 60-களில் புவியியல் கணித மாதிரிகளை நாடியது. 1970-களில் மார்க்சியப் புவியியலாளர்கள் மூலதனத்தையும் வர்க்கத்தையும் முன்னிறுத்தினர். எல்லாவற்றையும் ஒன்றைக் கொண்டு விளக்கும் இத்தகைய பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கையே பின்நவீன நிலை என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோதார் (1979). மைக்கேல் டியரின் 1988-ஆம் ஆண்டுக் கட்டுரையும், எட்வர்ட் சோஜாவின் ‘போஸ்ட்மாடர்ன் ஜியோகிரஃபீஸ்’ (1989) நூலும் இக்கருத்தைப் புவியியலுக்குள் கொண்டுவந்தன. தமிழில் பின்நவீனத்துவம் பெரும்பாலும் இலக்கிய விவாதமாகவே அறிமுகமானது. ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்கள் அதை அரசியல், சாதி குறித்த விவாதமாக விரித்தன.

விளிம்பும் மையமும்

எர்னஸ்ட் பர்ஜெஸ் 1925-இல் சிகாகோவை மையத்திலிருந்து விரியும் வட்டங்களாக விளக்கினார். லாஸ் ஏஞ்சலஸை ஆராய்ந்த டியரும் ஸ்டீவன் ஃப்ளஸ்டியும் 1998-இல் இதை மறுத்து, இன்று விளிம்பே நகரத்தை உருவாக்குகிறது என்றனர்.

மையத்தின் திட்டப்படி விரிவது, விளிம்பிலிருந்தே உருவாவது என்னும் இரண்டு போக்குகளும் சென்னையின் மேற்குப் புறநகரில் அடுத்தடுத்துத் தெரிகின்றன. 1955 ஆவடி காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. 1960-களில் ஆவடி டேங்க் ஃபேக்டரியும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அரசுத் திட்டத்தின் வழியே எழுந்தன. பிந்தைய வளர்ச்சிக்கு அப்படி ஒரே திட்டம் இல்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் சரக்கு லாரிகள் நகருக்குள் நுழையாமலே துறைமுகம் நோக்கிச் செல்கின்றன. பட்டாபிராமில் 2024-இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஆவடியை அடுத்த வெள்ளானூர் வட்டாரத்தில் கல்லூரிகளும் மனைப்பிரிவுகளும் பழைய ஊர்களை ஒட்டியே எழுகின்றன. இத்தகைய ஊரைச் சென்னையின் மிச்சப்பகுதி என்று ஒதுக்காமல், அதன் இடத்திலிருந்தே நகரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறது இவ்வணுகுமுறை.

வரைபட விமர்சனம்

வரைபடம் அதிகாரத்தின் மொழி என்று 1989-இல் வாதிட்டார் ஜே. பி. ஹார்லி. தமிழ்நாட்டின் வருவாய்த்துறை ஆவணங்கள் இதற்குத் தெளிவான சான்று. ஊரின் நிலங்களைப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் நிலம் புல எண்ணாகவும், பட்டா, நத்தம், ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு என்னும் வகைகளாகவும் மாறுகிறது. ஆடு மாடு மேய்த்தவர், ஏரியில் மீன் பிடித்தவர் ஆகியோரின் தலைமுறைப் பழக்கத்துக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. எனவே நிலத்தின் வகை மாற்றப்படும்போது அவர்களின் இழப்பும் கணக்கில் வருவதில்லை.

விமர்சனங்கள்

பின்நவீனப் பண்பாடு தனித்து எழுந்ததன்று, முதலாளியத்தின் புதிய மூலதனக் குவிப்பு முறையே அதற்கு அடிப்படை என்றார் டேவிட் ஹார்வி (1989). சோஜா, ஹார்வி இருவருமே பெண்களின் அனுபவத்தைப் புறக்கணித்ததாக டோரீன் மாசி 1991-இல் கண்டித்தார். எல்லாமே வெவ்வேறு பார்வைகள் என்று நின்றுவிட்டால், நிலவிலை ஏற்றத்தால் ஊரைவிட்டு வெளியேறும் வாடகைக் குடும்பத்துக்கு நீதி கேட்க அடிப்படை இருக்காது. பல குரல்களைக் கேட்பதோடு, அவற்றுள் எது எதனால் அடக்கப்படுகிறது என்பதையும் காட்டும்போதுதான் இவ்வணுகுமுறை முழுப்பயன் தரும்.