கழுத்து ஸ்டென்ட் மீண்டும் அடைத்தால்: ஒரு சிறு வரலாறு



என் மைத்துனருக்குக் கழுத்து ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாத ஸ்கேனில் அதே இடம் மீண்டும் சுருங்கியிருப்பது தெரிந்தது. "மட்டமான ஸ்டென்ட்டா சார்?" என்று கீழ்பென்னாத்தூரில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறீர்கள். வரலாறு நடத்தியவன், வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அது. அதில் படியும் கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து மேலே போனால் பக்கவாதம். 1953-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி கழுத்தைத் திறந்து அந்தப் படிவை அகற்றினார். 1977-ல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் இதயக் குழாயைப் பலூனால் விரித்தார். அந்த முறையை 1986-ல் இந்தியாவில் தொடங்கிவைத்தவர் சென்னையில் பணியாற்றிய டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல். பலூன் பிறகு கழுத்துக்கும் வந்தது. விரித்த குழாயைத் தாங்கிப் பிடிக்க ஸ்டென்ட் வந்தது.

கூடவே புதுச் சிக்கலும் வந்தது. ஏரிக் கால்வாயில் தூர் சேர்வது போன்றதல்ல இது. ஸ்டென்ட் அழுத்திய இடத்தை உடம்பு காயமாக எடுத்துக்கொண்டு, ஆற்றுவதற்காகச் சதை வளர்க்கிறது. அது அளவு மீறினால் வழி குறுகுகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இது நேர்கிறது. கிரெஸ்ட் என்ற பெரிய வட அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 6 பேருக்கு இப்படி ஆனது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிலும் ஏறக்குறைய அதே 6 பேர்தான். ஆகவே, ஸ்டென்ட்டை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

அந்தச் சதை வழவழப்பாக இருப்பதால் துணுக்கு பெயர்வது குறைவு. அதனால் லேசான சுருக்கத்தை மருந்து கொடுத்துக் கண்காணிப்பார்கள். மிகவும் குறுகினாலோ, அறிகுறி தெரிந்தாலோ மீண்டும் பலூன், இன்னொரு ஸ்டென்ட், அபூர்வமாக அறுவை சிகிச்சை. சில இடங்களில் பாக்லிடாக்சல் பூசிய பலூனையும் பயன்படுத்துகிறார்கள். செல் பெருகுவதைத் தடுக்கும் மருந்து அது. அமெரிக்க மரம் ஒன்றின் பட்டையில் அதைக் கண்டறிந்து 1971-ல் வெளியிட்ட இருவரில் ஒருவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி என்பது நமக்குப் பெருமை.

ஸ்டென்ட் வைத்த உறவுகளே, "சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன தேதியில் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கட்டும். பீடி, சிகரெட் வேண்டாம். வாய் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால், சில நிமிடத்தில் சரியானாலும்கூட, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். நலமே சூழ்க.