குத்துக்கல் எதற்கு நட்டார்கள்?

பல்லாவரம்னா வரலாற்று ஆர்வலர்களுக்கு முதல்ல ஞாபகம் வருவது 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி. அதற்கு வெகுகாலம் பிந்தைய இன்னொரு அடுக்கும் இங்கே உண்டு: பெருங்கற்காலம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ இதே பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டார். திருநீர்மலையிலிருந்து சில கிலோமீட்டர்தான். மதுராந்தகம் பக்கம் சானூரில் 1950-களில் அகழ்ந்தபோதும் கல்வட்டங்களுக்குள் பேழைகள் கிடைத்தன.

கல்வட்டத்தின் வேலை புரியுது. உள்ளே ஈமச்சின்னம் இருக்கு. தனியா நிமிர்ந்து நிற்கும் குத்துக்கல் எதற்கு?

ஒன்று, அடையாளம். கொடுமணலில் ஈமக்காட்டிலேயே குத்துக்கல் நிற்கிறது. இரண்டு, நினைவு. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஒன்று ஆகோள் பூசலைச் சொல்கிறது. எழுத்தில்லாத குத்துக்கல்லுக்குப் பெயர் வந்து சேர்ந்த கட்டம் இது என்பது என் ஊகம்.

மூன்றாவது, வானியல். கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்து நிலஸ்கல்லில் பல குத்துக்கல் ஜோடிகள் ஜூன், டிசம்பர் மாதச் சூரிய உதய, அஸ்தமன திசைகளைக் காட்டுவதாக ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்காங்க. கிட்டத்தட்ட நம்ம அட்சரேகைதான். இங்கேயும் ஜூன் 21-ல் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. 20 கல் இருந்தா 190 ஜோடி வரும். அதில் சில ஜோடி தற்செயலாகவே சூரியனைக் காட்டும். எதிர்பார்ப்பதைவிட எத்தனை ஜோடி அதிகம் என்பதுதான் கேள்வி. அதற்குக் கல் நட்ட இடத்திலேயே இருக்கணும். ஜேசிபி ஒரு தடவை நகர்த்திட்டா, அந்தத் தரவு போச்சு. கல்லைப் பத்திரமா மியூசியத்தில் வைத்தாலும் திசை திரும்ப வராது.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்கிறது சட்டம். வீடு கட்ட முடியாமல் தவிக்கிறவர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனா பட்டியலில் இல்லாத கல்லுக்கு அந்தக் காவல்கூடக் கிடையாது. அப்படி ஒன்றைப் பார்த்தீங்கன்னா, தொடாம நாலு பக்கமும் போட்டோ எடுங்க, ஜிபிஎஸ் குறிங்க, எந்தத் திசை பார்த்து நிற்குதுன்னு எழுதிவைங்க. பத்து நிமிஷ வேலை.