ஓட்டுநர் அமரும் முறை: ஒரு வரலாறு

கார் ஓட்டக் கற்பவருக்குச் சொல்லித்தரப்படும் அமரும் முறையும் பிடிக்கும் முறையும் என்றும் மாறாத விதிகள் அல்ல. வண்டியின் அமைப்பு மாறியபோதெல்லாம் அவையும் மாறி வந்துள்ளன.

1886இல் காப்புரிமை பெற்ற பென்ஸின் மூன்று சக்கர வண்டியை ஒரு கைப்பிடிக் கோலே திருப்பியது. 1894இல் பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் வாஷரோன் என்பவர் தம் வண்டியில் வட்டமான ஸ்டீயரிங்கைப் பொருத்தினார். இரு கைகளும் எதிரெதிராக விசை செலுத்த இது வாய்ப்பளித்தது.

டி. வி. சுந்தரம் அய்யங்கார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேருந்து விடத் தொடங்கினார். அந்நாளில் எல்லா வண்டிகளுக்கும் பொதுவான மிதி ஒழுங்கு கிடையாது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் இட மிதி கியருக்கும், நடு மிதி பின்னோக்கி ஓடவும், வல மிதி பிரேக்குக்கும் உரியவை. ஆக்சிலேட்டர் கையால் நகர்த்தும் நெம்புகோல். இன்றைய ஓட்டுநர் வேகம் கூட்ட எண்ணி வல மிதியை அழுத்தினால் வண்டி நின்றுவிடும்! கிளச், பிரேக், ஆக்சிலேட்டர் என்னும் இன்றைய வரிசை 1916இன் காடிலாக் காரில் அமைந்தது. 1922இன் ஆஸ்டின் செவன் அதைப் பரப்பியது.

நம் நாட்டில் 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசடரை நினைவுகூர்வோம். நெடுங்காலம் அதன் கியர்க் கோல் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. ஸ்டீயரிங் பெரியது, திருப்பக் கனமானது. ஆரம் கூடினால் திருப்புத்திறன் கூடும் என்பதே காரணம். முன்னால் ஒரே நீண்ட இருக்கை. ஆகவே பலர் ஸ்டீயரிங்கை நெருங்கி அமர்ந்து, கடிகாரத்தின் பத்து, இரண்டு மணி நிலைகளில் பற்றினர்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் தனி இருக்கையும் தரையிலிருந்து எழும் கியரும் இருந்தன. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. மோதலின்போது அது நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் ஊதிப் பெருகும். நெருங்கி அமர்ந்தவரின் மார்பையும் முகத்தையும் அது கடுமையாகத் தாக்கக்கூடும். எனவே மார்புக்கும் ஸ்டீயரிங் மையத்துக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. வேண்டும். கைகள் ஒன்பது, மூன்று மணி நிலைகளில் இருத்தல் நலம்.

மிகவும் விலகி அமர்வதும் தவறு. பிரேக்கை முழுதும் அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். முதுகு இருக்கையில் படிந்திருக்க வேண்டும். கால் முன்னே தள்ளும் விசைக்குச் சமமான எதிர்விசையைத் தருவது இருக்கையின் முதுகே.

கீழக்குயில்குடியின் தெருக்களில் மெல்லச் செல்கையில் இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். மதுரைக்கு மேற்கே ஓடும் நான்குவழிச் சாலையில் 90 கி.மீ. வேகத்தில் செல்லும் காரோ நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. ஏறியவுடன் இருக்கையைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டிய பின்னரே சாவியைத் திருப்புங்கள்.